இதய அறுவை வசதி இல்லாத மருத்துவமனையில் பிறவி இதயக் குறைபாடுள்ள குழந்தைக்கு என்ன செய்ய முடியும்?

சிறிய மருத்துவமனை ஒன்றில் குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் மருத்துவர் கேட்டிருக்கிறார். அங்கே இதய அறுவை கிடையாது, இதய நிபுணர் கிடையாது, இதயத்தை ஒலியலையால் படம் பிடிக்கும் எக்கோ எப்போதாவதுதான் கிடைக்கும். இதயத்தில் ஓட்டையோடும், உடல் நீலம் பாய்ந்தும் வருகிற குழந்தைகளை மேல் மருத்துவமனைக்கு எழுதி அனுப்புவதைத் தாண்டித் தங்களால் செய்யக்கூடியது ஏதாவது உண்டா என்பது கேள்வி. இதற்குள்ளேயே இன்னொரு கேள்வியும் இருக்கிறது: எந்தக் குழந்தை இன்றே போக வேண்டும், எது சில மாதம் காத்திருக்கலாம், எதற்கு அறுவையே கெடுதலாகிவிடும்? இரண்டாவதற்கு விடை தெரிந்தால் முதலாவதற்கும் பாதி விடை கிடைத்துவிடும். வசதி குறைந்த இடங்களில் இந்தக் குழந்தைகள் இறப்பதற்கு அறுவைக்கூடம் இல்லாதது ஒரு காரணம். காலம் கடந்து போய்ச் சேர்வதும், எடை இல்லாமல் நெஞ்சில் சளித் தொற்றோடு போய்ச் சேர்வதும் அதற்குக் குறையாத காரணங்கள். இவை இரண்டையும் தடுப்பது பெருமளவு உங்கள் கையில்தான் இருக்கிறது. கீழே வரும் மருந்து அளவுகள் மருத்துவர்களுக்கானவை. இதைப் படிக்கும் பெற்றோர் யாரும் தாங்களாக எதையும் கொடுக்கக் கூடாது.

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 8 முதல் 10 பேருக்கு இதயத்தில் ஏதோ ஒரு குறைபாடு இருக்கும். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு முதல் ஆண்டிற்குள் அறுவையோ, ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்திச் செய்யும் கதீட்டர் சிகிச்சையோ தேவைப்படும். குறைபாடுகளின் பெயர்ப் பட்டியல் நீளமானது. எக்கோ கையில் இல்லாத மருத்துவருக்கு மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் முதல் கட்டத்துக்குப் போதும். மகாதமனியையும் நுரையீரல் தமனியையும் இணைத்து, பிறந்தபின் மூடிக்கொள்ள வேண்டிய டக்டஸ் குழாய் திறந்திருந்தால்தான் பிழைக்கும் என்ற நிலையில் இருக்கும் குழந்தைகள் முதல் வகை. நுரையீரலுக்குத் தேவைக்கு மேல் ரத்தம் பாயும் குழந்தைகள் இரண்டாவது: பெரிய விஎஸ்டி (கீழறைத் தடுப்பில் ஓட்டை), பெரிய பிடிஏ (மூடாமல் நின்றுபோன டக்டஸ்), ஏவி கால்வாய்க் குறைபாடு (மேலறை, கீழறைத் தடுப்புகள் சேரும் நடுப்பகுதியில் ஓட்டை). நுரையீரலுக்குப் போதிய ரத்தம் போகாமல் நீலம் பாய்கிறவர்கள் மூன்றாவது. கைக்குழந்தைப் பருவம் தாண்டி இப்படி வருகிறவர்களில் அதிகம் பார்ப்பது ஃபாலட் டெட்ராலஜி: கீழறைத் தடுப்பில் ஓட்டையும் நுரையீரலுக்குப் போகும் வழியில் சுருக்கமும் சேர்ந்த குறைபாடு. ஒவ்வொன்றுக்கும் முதல் மருந்து வேறு, அவசரம் வேறு. ஒன்றுக்கு உயிர் காக்கும் செயல் இன்னொன்றுக்குத் தீங்காகலாம்.

முதல் வகையைப் பிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம், பல்ஸ் ஆக்சிமீட்டர் போதும். குழந்தை பிறந்து 24 மணி நேரம் ஆனபின் வலது கையிலும் ஏதாவது ஒரு காலிலும் ஆக்சிஜன் செறிவைப் பாருங்கள். இரண்டிலும் 95 சதவீதம் அல்லது அதற்கு மேல், வித்தியாசம் 3-க்குள் என்றால் சரி. எதிலாவது 90-க்குக் கீழே என்றால் உடனே இதயத்தைச் சந்தேகிக்க வேண்டும். இடைப்பட்டதாக இருந்தால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் அப்படியே இருந்தால் எக்கோ தேவை. வலது கையைச் சொல்வதற்குக் காரணம், அந்தக் கைக்குப் போகும் ரத்தம் டக்டஸ் சேரும் இடத்துக்கு முன்பே பிரிந்துவிடுகிறது. கால் அதற்குப் பிறகு வருவது. இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் கீழ்ப்பாதி உடலுக்கு நீல ரத்தம் கலந்து போகிறது என்று பொருள்.

இந்தச் சோதனை தவறாகிப் போவது பெரும்பாலும் சென்சாரால்தான். பெரியவர்களின் விரலில் மாட்டும் கிளிப்பைக் குழந்தையின் பாதத்தில் செருகினால் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. சுற்றிக் கட்டும் சிறிய சென்சாரை, ஒளி வரும் பக்கமும் அதை வாங்கும் பக்கமும் நேருக்கு நேர் இருக்கும்படி உள்ளங்கையின் வெளி ஓரத்திலும் பாதத்தின் வெளி ஓரத்திலும் கட்ட வேண்டும். பாதம் குளிர்ந்திருந்தால் முதலில் சூடாக்குங்கள். மஞ்சள் காமாலை விளக்கின் கீழ் இருந்தால் சென்சார்மேல் துணி போடுங்கள். கருவி காட்டும் நாடித்துடிப்பும் ஸ்டெதஸ்கோப்பில் எண்ணியதும் ஒத்துப்போனால்தான் செறிவின் எண்ணை நம்பலாம். கருமையான தோலில் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும். உயரமான மலைப்பகுதிகளில் எல்லாக் குழந்தைகளுக்குமே எண் குறைவாக இருக்கும் என்பதால் அங்கே இந்த வரம்புகளை அப்படியே பயன்படுத்த முடியாது. 24 மணி நேரத்துக்கு முன்பே தாயும் சேயும் வீடு திரும்பும் இடங்களில் கிளம்பும் நேரத்திலாவது பார்த்துவிடுங்கள். இதயம் சரியாக இருந்தும் எண் குறைகிற குழந்தைகள் அதில் கூடுதலாக வருவார்கள். அவர்களில் பலருக்கு நுரையீரல் தொற்றோ ரத்தத் தொற்றோ இருப்பது தெரியவரும், ஆகவே அதுவும் வீண் போவதில்லை.

ஆக்சிமீட்டரில் தேறிய குழந்தைக்கு இதயக் குறைபாடே இல்லை என்று யாரும் உறுதி தர முடியாது. நீலம் பாயாத விஎஸ்டி அதில் தெரியவே தெரியாது. மகாதமனி ஓரிடத்தில் சுருங்கியிருக்கும் கோஆர்க்டேஷன் பல நேரம் தப்பிவிடும். அதற்குக் கைதான் கருவி: தொடை இடுக்கில் நாடி பார்ப்பது. வலது கை மடிப்பில் ஒரு விரலும் தொடை இடுக்கில் ஒரு விரலுமாக ஒரே நேரத்தில் வைத்துப் பார்த்தால், தொடை நாடி மெலிந்திருப்பதோ இல்லாமலே இருப்பதோ தெரியும். டக்டஸ் திறந்திருக்கும் வரை தொடை நாடி நன்றாகவே இருக்கும் என்பதால் முதல் நாள் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வரும்போதும் பார்க்க வேண்டும். அரை நிமிட வேலை. இது விட்டுப்போன குழந்தை இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் சாம்பல் நிறத்தில், குளிர்ந்த கைகால்களோடு அவசரப் பிரிவுக்கு வரும். எல்லோரும் ரத்தத் தொற்று என்றே நினைப்பார்கள்.

அப்படி வரும் பச்சிளங்குழந்தைக்கு இரண்டையும் கருதியே சிகிச்சை தொடங்குவதுதான் சரி. ஆன்டிபயாடிக்கைத் தள்ளிப்போட வேண்டாம். கூடவே, முதல் மாதத்துக் குழந்தை ரத்த ஓட்டம் குலைந்த அதிர்ச்சி நிலையில் வந்து ஒன்றிரண்டு முறை திரவம் கொடுத்தும் தேறவில்லை, கல்லீரல் பெரிதாகிறது என்றாலோ, நீலம் ஆக்சிஜனுக்கு அசையவில்லை என்றாலோ, எக்கோவுக்குக் காத்திருக்காமல், டக்டஸைத் திறந்து வைக்கும் ப்ராஸ்டாகிளாண்டின் ஈ1 தொடங்க வேண்டும். இதில் துறைக்குள் கருத்து வேறுபாடு இல்லை. நிலைமை மோசமாக இருந்தால் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.05 மைக்ரோகிராம், தேவைப்பட்டால் 0.1 வரை. நாடியும் செறிவும் மேம்பட்டதும் 0.01 அல்லது 0.02-க்கு இறக்கலாம். 500 மைக்ரோகிராம் ஆம்பியூலை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் சேர்த்து மொத்தம் 50 மி.லி. ஆக்கினால் ஒரு மி.லி.யில் 10 மைக்ரோகிராம் இருக்கும். 3 கிலோ குழந்தைக்கு 0.05 என்பது மணிக்கு 9 மைக்ரோகிராம், அதாவது சிரிஞ்சு பம்பில் மணிக்கு 0.9 மி.லி. இந்தக் கணக்கை முன்கூட்டியே எடைவாரியாக எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். நள்ளிரவில், கை நடுங்கும் நேரத்தில் தசமப் புள்ளி இடம் மாறுவது எளிது.

இந்த மருந்தின் ஆபத்து, மூச்சு நின்றுபோவது. ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தைக்கு இது நடக்கும். அளவு கூடும்போதும் எடை 2 கிலோவுக்குக் குறையும்போதும் இன்னும் அதிகம். ஆகவே பையும் மாஸ்க்கும் படுக்கையருகே தயாராக இருக்க வேண்டும், அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர் கூடவே இருக்க வேண்டும். காய்ச்சலும் ரத்த அழுத்தம் இறங்குவதும் வரக்கூடும். மருந்து உடலில் சில நிமிடங்களே நிற்கும் என்பதால் ஊசி வழி விட்டுப்போனால் டக்டஸ் மறுபடி சுருங்கத் தொடங்கும். இரண்டு ஊசி வழிகள் போட்டு, ஒன்றை இதற்கென்றே வைக்க வேண்டும். ஆம்பியூல் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மருந்து போட்டதும் குழந்தை மேலும் மோசமானால், நுரையீரல் ரத்தக்குழாய்கள் தவறான இடத்தில் இணைந்து அடைபட்டிருக்கும் டிஏபிவிசியைச் சந்தேகியுங்கள். அதற்கு அவசர அறுவை தவிர வழியில்லை. ஊசி மருந்தே கிடைக்காத இடங்களில் ப்ராஸ்டாகிளாண்டின் ஈ2 மாத்திரையை நீரில் கரைத்துக் குழாய் வழியே மணிக்கு ஒரு முறை கொடுத்து டக்டஸைத் திறந்து வைத்த அனுபவம் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது. அது குடலில் சேரும் அளவு சீராக இருக்காது, சாகும் நிலையில் இருக்கும் குழந்தைக்கு அதை நம்ப முடியாது. வேறு வழியே இல்லாதபோது, மேல் மையத்து நிபுணரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு செய்யத்தக்கது என்ற அளவில்தான் அதைச் சொல்வேன்.

ஆக்சிஜன் விஷயத்தில் கை தாராளமாக இருக்கக் கூடாது. டக்டஸை நம்பி வாழும் குழந்தைக்கு 75 முதல் 85 வரை செறிவு இருந்தால் போதும். அதை 98 ஆக்க முயன்றால் டக்டஸ் சுருங்கும் வாய்ப்பு உண்டு. நுரையீரலுக்குக் கூடுதல் ரத்தம் போய் உடலுக்குக் குறையவும் செய்யும். எண் குறைவாக இருந்தாலும் குழந்தை சூடாக, சிறுநீர் கழித்துக்கொண்டு, ரத்தத்தில் லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது கூடும் பொருள்) ஏறாமல் இருந்தால் அதை அப்படியே விட வேண்டும். அனுப்பும் வழியில் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் இருக்கட்டும், ரத்தச் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள். வண்டியில் இறந்துபோகும் குழந்தைகளில் ஒரு பகுதி இதயத்தால் இறப்பதில்லை, குளிராலும் சர்க்கரைக் குறைவாலும் இறக்கிறது. பெரிய ரத்தக்குழாய்கள் இரண்டும் இடம் மாறியிருக்கும் டிஜிஏ குழந்தைக்கு டக்டஸ் மட்டும் போதாமல் போகலாம். மேலறைத் தடுப்பைப் பலூனால் கிழித்து ரத்தம் கலக்கச் செய்யும் முறை 1966 முதல் இருக்கிறது. இன்று படுக்கையருகே எக்கோ பார்த்தபடியே செய்துவிடலாம். அதைச் செய்யத் தெரிந்த மிக அருகிலுள்ள மையம் எது என்பதை இப்போதே கேட்டுக் குறித்து வைத்திருங்கள்.

இரண்டாவது வகைக்கு வருகிறேன். எண்ணிக்கையில் இவர்கள்தான் அதிகம், சிறிய மருத்துவமனையால் மிக அதிகம் செய்ய முடிவதும் இவர்களுக்குத்தான். பெரிய விஎஸ்டி உள்ள குழந்தை பிறந்த அன்று நன்றாகவே இருக்கும், இதயத்தில் மர்மர் எனப்படும் இரைச்சல் சத்தமும் கேட்காமல் இருக்கலாம். நுரையீரல் ரத்தக்குழாய்களின் இறுக்கம் தளர்ந்து நான்கு முதல் எட்டு வாரம் ஆகும்போதுதான் மூச்சு வாங்கத் தொடங்கும். தாய் பால் கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடும். நாலு வாய் உறிஞ்சும், விட்டுவிட்டு மூச்சு வாங்கும், மறுபடி உறிஞ்சும். நெற்றியும் தலையும் வியர்த்து முடி நனைந்திருக்கும். அரை மணி நேரமாகியும் வயிறு நிறையாது, களைத்துத் தூங்கிவிடும், சற்று நேரத்தில் பசித்து அழும். தாய் பெரும்பாலும் தன்னிடம் பால் போதவில்லை என்று நினைத்திருப்பார். பால் இருக்கிறது, குழந்தைக்கு உறிஞ்சும் தெம்புதான் இல்லை என்பதை அவரிடம் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

இந்தக் குழந்தைக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 120 முதல் 150 கலோரி வேண்டும். தாய்ப்பாலில் 100 மி.லி.க்குச் சுமார் 67 கலோரி. கிலோவுக்கு 150 மி.லி. குடித்தாலும் 100 கலோரிதான் சேரும், அந்த அளவையும் இந்தக் குழந்தை குடிப்பதில்லை. ஆகவே வாயால் குடிப்பதை இருபது நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டு, மீதியைப் பீய்ச்சிய பாலாக மூக்குக் குழாய் வழியே மெதுவாகக் கொடுங்கள். பீய்ச்சும்போது முதலில் வரும் நீர்த்த பாலைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் வரும் கொழுப்பு மிகுந்த பாலைக் குழாய்க்குப் பயன்படுத்தினால் அதே கொள்ளளவில் கலோரி கூடும். 100 மி.லி. பாலில் 1 மி.லி. எண்ணெய் சேர்த்தால் சுமார் 8 கலோரி கூடும். எண்ணெய் மேலே மிதந்து குழாயில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் கொடுக்கும் நேரத்தில் கலக்க வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தால் குறைத்துவிட வேண்டும். தினமும் ஒரே தராசில், துணியில்லாமல் எடை பார்த்து எழுதுங்கள். எடை ஏறினாலும் அது சதையா நீரா என்று கண்ணிமை வீக்கத்தையும் கல்லீரல் அளவையும் வைத்துச் சரிபாருங்கள்.

மருந்தில் உறுதியாகப் பயன் தருவது சிறுநீரைப் பெருக்கும் ஃப்ரூசமைடு. கிலோவுக்கு 1 மி.கி. வீதம் நாளுக்கு இரண்டு அல்லது மூன்று வேளை. பொட்டாசியம் குறையாமல் இருக்க ஸ்பைரோனோலாக்டோன் கிலோவுக்கு 1 மி.கி. ஒன்றிரண்டு வேளை. ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் எனலாப்ரில் வகை மருந்துகளும், இதயத் துடிப்பை வலுவாக்கும் டிஜாக்ஸினும் பரவலாகக் கொடுக்கப்படுகின்றன. விஎஸ்டி போன்ற நிலைகளில் அவை எவ்வளவு கூடுதல் பயன் தருகின்றன என்பதற்கான சான்று வலுவாக இல்லை. எனலாப்ரிலை ஸ்பைரோனோலாக்டோனோடு சேர்த்தால் பொட்டாசியம் அளவுக்கு மீறி ஏறலாம், வாந்தி பேதி வந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும், கோஆர்க்டேஷன் இருந்தால் கொடுக்கவே கூடாது. ரத்தப் பரிசோதனை வசதி இல்லாத இடத்தில் அதை விட்டுவிடுவதே நல்லது. டிஜாக்ஸினில் பாதுகாப்பான அளவுக்கும் நச்சு அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. 4 கிலோ குழந்தைக்கு நாளுக்குக் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் என்றால், இரு வேளையாகப் பிரிக்கும்போது ஒரு வேளைக்கு 20 மைக்ரோகிராம், மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் உள்ள திரவத்தில் அது 0.4 மி.லி. வீட்டில் அது 4 மி.லி. ஆகிப்போனால் குழந்தை இறந்துவிடக்கூடும். கொடுப்பதென்றால் 1 மி.லி. சிரிஞ்சில் கோடு போட்டுக் காட்டி, தாயைச் செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டே அனுப்புங்கள். குறைமாதக் குழந்தையின் டக்டஸை மூடப் பயன்படும் இபுப்ரோஃபென், பாராசிட்டமால் போன்றவை நிறைமாதக் குழந்தையின் பிடிஏவுக்குப் பயன்படாது. அதில் நாட்களை வீணாக்க வேண்டாம்.

ஒவ்வொரு குறைபாட்டுக்கும் ஒரு கெடு உண்டு, கேட்டவர் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். எளிய டிஜிஏவுக்கு முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் தமனிகளை மாற்றிப் பொருத்தும் அறுவை நடக்க வேண்டும். தாமதித்தால் இடது கீழறை பலமிழந்துவிடும், உடல் முழுவதற்கும் ரத்தம் தள்ள அதனால் முடியாது. ஏவி கால்வாய்க் குறைபாட்டுக்கு ஆறு மாதம், அதிலும் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்கு அதற்கும் முன்னால். டவுன் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இதயக் குறைபாடு இருக்கும் என்பதால் அறிகுறி இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் எக்கோ வேண்டும். பெரிய விஎஸ்டிக்கும் பெரிய பிடிஏவுக்கும் ஆறு மாதத்துக்குள் செய்வது நல்லது, ஒரு வயதைத் தாண்டவிடக் கூடாது. ஃபாலட்டுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வயது. மேலறைத் தடுப்பில் இருக்கும் ஓட்டை பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வயதுவரை அமைதியாகக் காத்திருக்கும். தசைப் பகுதியில் இருக்கும் சிறு விஎஸ்டி பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். சத்தம் பெரிதாகக் கேட்கிறது என்பதால் மட்டும் அந்தக் குழந்தையை முதலில் அனுப்பிவிடாதீர்கள். சிறு ஓட்டைதான் அதிகம் சத்தம் போடும்.

மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பெரிய விஎஸ்டி குழந்தை ஒரு வயது வாக்கில் தானாகத் தேறினால் மகிழ்ந்துவிடாதீர்கள். வியர்வை நிற்கும், எடை ஏறும், சளி பிடிப்பது குறையும், மர்மரும் தேய்ந்துபோகும். பெற்றோர் ஓட்டை மூடிவிட்டது என்று நினைத்து வருவதை நிறுத்திவிடுவார்கள். சில குழந்தைகளுக்கு ஓட்டை உண்மையிலேயே சிறிதாகியிருக்கும். மற்றவர்களுக்கு நுரையீரல் ரத்தக்குழாய்கள் தடித்து இறுகி, ரத்தம் உள்ளே போவதே குறைந்துவிட்டிருக்கும். இரண்டாவது இதய ஒலி ஓங்கி ஒற்றையாகக் கேட்டால், ஓடியபின் செறிவு 95-க்குக் கீழே போனால், எக்ஸ்ரேயில் முன்பு பெரிதாக இருந்த இதயம் சுருங்கித் தெரிந்தால், அது குணமல்ல. அந்த நிலை முற்றிய பிறகு ஓட்டையை மூடினால் வலது கீழறைக்கு வடிகால் இல்லாமல் குழந்தை இறக்கும். மூடாமல் விட்டால் பல ஆண்டுகள் வாழும். கதீட்டரில் நுரையீரல் ரத்தக்குழாய் எதிர்ப்பு 4 வுட் அலகுக்குக் கீழே இருந்தால் அறுவை செய்யலாம் என்பதும், 8-க்கு மேலே என்றால் கூடாது என்பதும் பரவலாக ஏற்கப்பட்டவை. நடுவில் இருப்பவர்களுக்கு யாரிடமும் உறுதியான விடை இல்லை. நுரையீரல் ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் சில்டெனாஃபில் கொடுத்துப் பார்ப்பது, ஒரு பக்கம் மட்டும் திறக்கும் மடல் வைத்த ஒட்டால் மூடுவது என்று வழிகள் முயலப்படுகின்றன. மூச்சு வாங்கி, எடை ஏறாமல், 95-க்கு மேல் செறிவோடு இருக்கும் குழந்தை பார்க்க மோசமாகத் தெரிந்தாலும் அறுவைக்கு ஏற்ற குழந்தை அதுதான்.

நீலம் பாய்ந்த குழந்தைகளுக்குத் திடீரென்று வரும் கருநீல மயக்கம்தான் பெற்றோரை நடுங்க வைப்பது. காலையில் எழுந்து அழுதபின், மலம் கழிக்கும்போது, ஊசி போடும்போது வரும். முழங்கால்களை மார்போடு சேர்த்துத் தாயின் தோளில் அணைத்துப் பிடிக்கச் சொல்வது முதல் சிகிச்சை. குழந்தையை அவரிடமிருந்து பிடுங்காதீர்கள், அழுகை நிலைமையை மோசமாக்கும். பிறகு ஆக்சிஜன், மார்ஃபின் கிலோவுக்கு 0.1 மி.கி. தோலுக்கடியிலோ தசையிலோ, அல்லது கெட்டமின் கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. தசையில். ஊசி வழி கிடைத்ததும் சலைன் கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி. அதற்கும் அடங்காவிட்டால் ப்ரோப்ரனோலால் மிக மெதுவாக ஊசி வழியாக, கிலோவுக்கு 0.01 மி.கி.யில் தொடங்கி, இதயத்துடிப்பைப் பார்த்தபடி. இதில் ஃப்ரூசமைடும் டிஜாக்ஸினும் கொடுப்பது பெரும் தவறு. ஒருமுறை மயக்கம் வந்தாலே அறுவையின் அவசரம் கூடிவிட்டது என்று பொருள். அதுவரை வாய்வழி ப்ரோப்ரனோலால் கிலோவுக்கு 0.5 முதல் 1 மி.கி. வீதம் ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. சாப்பிடாமல் இருக்கும் குழந்தைக்கு அது சர்க்கரையை இறக்கிவிடும் என்பதைத் தாய்க்குச் சொல்லுங்கள்.

இவர்களுக்கு இரும்புச்சத்து கொடுக்காமல் விடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஹீமோகுளோபின் 12 என்று சீட்டில் பார்த்ததும் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். 70 செறிவில் வாழும் குழந்தைக்கு 12 என்பது ரத்தசோகை. இரும்புக் குறைவு மயக்கங்களைக் கூட்டும், மூளையில் ரத்தம் உறையும் ஆபத்தையும் கூட்டும். நாளுக்குக் கிலோவுக்கு 3 முதல் 6 மி.கி. இரும்பு கொடுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் நீர்ச்சத்து இறங்கும் வரை காத்திருக்காமல் முதல் நாளே ஊசி வழியே திரவம் கொடுப்பது பற்றி யோசிக்க வேண்டும். இரண்டு வயதுக்கு மேற்பட்ட நீலக் குழந்தை தலைவலி, வாந்தி, காய்ச்சல் என்று வந்தால் மூளையில் சீழ்க்கட்டி இல்லை என்று நிரூபிக்கும் வரை இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

பக்கத்தில் ஒரு மையம் இப்போதுதான் அறுவை தொடங்குகிறது என்றால் எதில் தொடங்கலாம் என்றும் பலர் கேட்பதுண்டு. இதய-நுரையீரல் இயந்திரம் தேவைப்படாத பிடிஏ கட்டுதல் 1938-லிருந்தே செய்யப்படுகிறது. கோஆர்க்டேஷன் திருத்தம், நுரையீரல் வால்வைப் பலூனால் விரித்தல், பிடிஏவைச் சிறு கருவியால் அடைத்தல் ஆகியவையும் குறைந்த ஐசியு நாட்களில் பெரும்பாலும் நல்ல குணம் தருபவை. இதில் சந்தேகம் இல்லை. சந்தேகம் வருவது தற்காலிக அறுவைகளில். 1944 நவம்பரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முதன்முதலாகச் செய்யப்பட்ட பிளாலாக்–தாமஸ்–டாசிக் ஷன்ட் (கைக்குப் போகும் தமனியிலிருந்து நுரையீரல் தமனிக்கு ரத்தம் திருப்பும் இணைப்பு), நீலக் குழந்தைகளுக்கு முதல் வாசலைத் திறந்தது. இன்றும் சிறு குழந்தைக்கு அது உயிர் காக்கும். ஆனால் வசதி இல்லை, எனவே எளிய அறுவையாக ஷன்ட் போட்டுவிடலாம் என்ற எண்ணம் தவறு. 2002-ல் வெளியான, படி ஏற ஏற அறுவையின் அபாயம் கூடும் ராக்ஸ்-1 வரிசையின் ஆறு படிகளில் ஃபாலட் முழுத் திருத்தமும் விஎஸ்டி மூடலும் இரண்டாவது படியில் இருக்கின்றன. ஷன்டும் நுரையீரல் தமனியைப் பட்டையிட்டு இறுக்குவதும் மூன்றாவது படியில் இருக்கின்றன. ஷன்டின் 3.5 மி.மீ. குழாய் ஒரே இரவில் அடைத்துக்கொள்ளலாம். இரண்டாவது அறுவைக்கு அந்தக் குடும்பம் திரும்பி வருமா, அப்போது மையம் நடந்துகொண்டிருக்குமா என்பதும் தெரியாது. ஆறு மாதம் தாண்டிய, இயல்பான அமைப்புள்ள குழந்தைக்கு ஒரே அறுவையில் முழுத் திருத்தம் செய்வதே பெரும்பாலும் நல்லது. மிகச் சிறிய, அடிக்கடி மயக்கம் வரும் குழந்தைக்கு ஷன்ட்டா, டக்டஸைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயா, முழுத் திருத்தமா என்பது அந்த மையத்தின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. இதயத்தின் இடது பக்கம் வளராமல் போன ஹைப்போபிளாஸ்டிக் இடது இதயம் போன்ற ஒற்றை அறைக் குறைபாடுகளுக்கு மூன்று கட்ட அறுவையும் ஆயுள் முழுதும் கண்காணிப்பும் வேண்டும். அது கிடைக்காத இடத்தில் வலியில்லாமல், மூச்சுத் திணறாமல் குழந்தையைத் தாயின் மடியில் வைத்துக் கவனிப்பதும் சிகிச்சைதான். அதைப் பெற்றோரிடம் நேராகச் சொல்லும் துணிவு மருத்துவருக்கு வேண்டும்.

அறுவைக்குப் பின் குழந்தை பிழைப்பது பெரும்பாலும் செவிலியர்களால்தான். முதல் சில மணி நேரத்தில் நெஞ்சுக் குழாயில் ரத்தம் வந்துகொண்டிருந்து சட்டென்று நின்றால் அது நல்ல செய்தி அல்ல. குழாய் அடைத்து இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கத் தொடங்கியிருக்கலாம். துடிப்பு ஏறும், அழுத்தம் இறங்கும், சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு 1 மி.லி.க்குக் கீழே போகும். இதைக் கவனித்து, இரவு இரண்டு மணிக்கு அறுவை மருத்துவரைத் தயங்காமல் எழுப்புகிற செவிலியர் வேண்டும், எழுப்பினால் கோபிக்காத மருத்துவரும் வேண்டும். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை ஒருங்கிணைக்கும் பன்னாட்டுத் தர மேம்பாட்டுக் கூட்டமைப்பு வசதி குறைந்த நாடுகளின் மையங்களுக்காக எடுத்துக்கொண்டவை மூன்றே மூன்று: அறுவையைச் சுற்றிய பாதுகாப்பு நடைமுறை, தொற்றுக் குறைப்பு, செவிலியரையும் உள்ளடக்கிய குழு வேலை. பங்கேற்ற மையங்களில் தொற்றும் இறப்பும் குறைந்தன. வெளியிலிருந்து குழு வந்து ஒரு வாரத்தில் இருபது அறுவை செய்துவிட்டுப் போவதைவிட, உள்ளூர் ஐசியு செவிலியர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போவதே நிலைக்கும்.

தடுக்கக்கூடிய பங்கு சிறிதுதான் என்றாலும் விட்டுவிட முடியாது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் ருபெல்லா வந்தால் பிடிஏவும் நுரையீரல் தமனிச் சுருக்கமும் வரக்கூடும்; தடுப்பூசி அதை நிறுத்தும். தாயின் சர்க்கரையைக் கருத்தரிக்கும் முன்பே கட்டுக்குள் கொண்டுவருவதும் உதவும். ஏற்கெனவே குறைபாடுள்ள குழந்தைக்கு எல்லாத் தடுப்பூசிகளும் உரிய நாளில் போட வேண்டும். இதயக் குழந்தை என்று சொல்லி ஊசியைத் தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து. பல்லைத் தினமும் துலக்க வேண்டும். திருத்தப்படாத நீலக் குழந்தைக்குப் பல் பிடுங்கும் முன் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் அமாக்ஸிசிலின் கிலோவுக்கு 50 மி.கி. ஒரே வேளை.

மேல் மருத்துவமனைக்கு எழுதும் கடிதத்தில் 'இதயக் குறைபாடு, மேல்சிகிச்சைக்கு' என்று ஒரு வரி போட்டு அனுப்பாதீர்கள். பிறந்த எடை, இன்றைய எடை, வலது கையிலும் காலிலும் செறிவு, நான்கு நாடிகள், கல்லீரல் எத்தனை செ.மீ., கொடுக்கும் மருந்தும் நேரமும், கடைசித் தொற்று எப்போது, எந்தத் தேதிக்குள் அறுவை நடக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். அந்தத் தேதியையே உங்கள் பதிவேட்டிலும் குறித்து, மாதம் ஒருமுறை புரட்டி, போகாத குடும்பத்தைத் தொலைபேசியில் அழையுங்கள். பலர் போகாததற்குக் காரணம் பயமோ பயணச் செலவோ வீட்டில் இன்னொரு குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததோதான். கேட்டால் சொல்வார்கள், சிலவற்றுக்கு வழி பண்ண முடியும். அறுவை முடிந்து திரும்பிய பிறகும் குழந்தை உங்களிடம்தான் வரும். ஷன்ட் போட்ட குழந்தைக்கு ஆஸ்பிரின் கிலோவுக்கு 3 முதல் 5 மி.கி. தினமும் நிற்காமல் போக வேண்டும். அந்தக் குழந்தை வாந்தியோ பேதியோ என்று வந்தால் முதலில் செறிவைப் பாருங்கள், உடனே திரவம் கொடுங்கள், ஷன்ட் சத்தம் கேட்கவில்லை என்றால் அந்த மணி நேரத்திலேயே அறுவை செய்த மையத்தை அழையுங்கள்.